கை போகவில்லை, தரைதான் ஈரம்

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். சின்னதற்கு ஒன்றரை வயது. அவர் கடிதத்தைச் சுருக்கி, அவர் வார்த்தைகளிலேயே தருகிறேன்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலே இருந்துட்டு வந்தவர். பெரிய மாமான்னு கூப்பிடுவேன். அவர்தான் எனக்கு பெத்தாங்க் ஆடக் கத்துக் கொடுத்தார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆடுவோம். அந்த ஒரு மணி நேரம் நான் யாருக்கும் அம்மா இல்லே, மருமக இல்லே, நான் நானா இருப்பேன். ஆவணி, புரட்டாசியிலே நல்லாத்தான் ஆடினேன். ஐப்பசி மழை பிடிச்சதிலேருந்து குண்டு போய்ச் சேரவே மாட்டேங்குது. பாதி வழியிலே தொப்புன்னு விழுந்து அங்கேயே நின்னுடுது. வாரத்துக்கு வாரம் மோசமாயிட்டே போகுது. என்னாலே ஜோடிக்காரங்களும் தோத்துப் போறாங்க. 'மழையிலே என்னம்மா ஆட்டம் வேண்டிக் கிடக்கு?'ன்னு அத்தை கேக்கிறாங்க. என் கை போயிடுச்சா அக்கா? பேசாம குண்டைப் பரண்மேலே போட்டுடலாமா?"

போட வேண்டாம், சகோதரி. உங்கள் கேள்வி பெத்தாங்க் ஆடுகிற உங்களுக்கு மட்டும் ஏற்பட்ட கேள்வி அல்ல. மழை வந்ததும் நடையை நிறுத்தியவர்கள், வளையப் பந்தை அலமாரியில் வைத்தவர்கள், 'எனக்கு இனிமேல் வராது' என்று தாங்களே தீர்ப்பு எழுதிக் கொண்டவர்கள் எத்தனையோ பேர். அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் உங்களுக்கே ஒதுக்கி விட்டேன்.

அது என்ன ஆட்டம்?

வெளியூர்ச் சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான மாற்றமும் முடிந்தது. அவர்கள் போனாலும் போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி நின்றது, தெருக்களுக்குப் பிரெஞ்சுப் பெயர்கள் நின்றன, பெத்தாங்க் ஆட்டமும் நின்றது.

தரையில் ஒரு சின்ன வட்டம் போடுவார்கள். அதன் குறுக்களவு 35 முதல் 50 செ.மீ. அதற்குள் நின்றுகொண்டு, முதலில் ஒரு சின்ன மரக்குண்டை 6 முதல் 10 மீட்டர் தூரத்துக்குள் எறிவார்கள். பிரெஞ்சில் அதற்கு 'கொஷொனே' என்று பெயர். பன்றிக்குட்டி என்று அர்த்தம்! பிறகு இரும்புக் குண்டுகளை அந்தக் குட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டு போய் நிறுத்துகிறோம் என்பதுதான் ஆட்டம். எதிராளியின் குண்டை அடித்து விரட்டவும் செய்யலாம். 13 புள்ளி முதலில் எடுப்பவர் கட்சிக்கு ஜெயம்.

இந்த ஆட்டம் பிறந்த கதை நமக்கு ரொம்பப் பொருத்தமானது. தெற்குப் பிரான்சில் லா சியோத்தா என்று ஒரு துறைமுக ஊர். அந்தப் பக்கத்தில் முன்பு ஆடிய குண்டு ஆட்டத்தில் சில எட்டு ஓடி வந்து எறிய வேண்டும். நன்றாக ஆடிக் கொண்டிருந்த ஒருவருக்குக் கீல்வாதம் வந்து ஓட முடியாமல் போயிற்று. அவர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதைச் சகிக்காத நண்பர், ஆடுகிற தூரத்தைக் குறைத்து, 'எல்லோரும் நின்ற இடத்திலிருந்தே எறிவோம்' என்று விதியை மாற்றினாராம். இது 1907 வாக்கில் நடந்தது என்பார்கள். 'பெத்தாங்க்' என்ற பெயரே காலை ஊன்றி நிற்பது என்ற பொருளில் வந்ததுதான். உடம்புக்கு முடியவில்லை என்று ஆளைத் தள்ளி வைக்காமல், ஆட்டத்தை ஆளுக்கு ஏற்ற மாதிரி வெட்டித் தைத்தார்கள். மழைக்காலத்தில் நாமும் செய்ய வேண்டியது அதுதான்.

'பெண்களுக்கு இது எதற்கு?' என்று யாராவது கேட்டால் தாய்லாந்தைச் சொல்லுங்கள். மன்னர் பூமிபோலின் தாயார் இந்த ஆட்டத்தில் பிரியம் வைத்து, 1970-களில் தம் நாட்டில் பரப்பினார். அப்போது அந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல். பிற்பாடு தாய்லாந்துப் பெண்கள் உலகப் பட்டத்தையே வென்று வந்தார்கள். அங்கே என்ன மழை பெய்யாதா? நம்மூரை விட அதிகமாகவே பெய்கிறது.

இந்த முறை கூடம் கோணல்தான்

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அதனாலேயே நம்மில் பல பேர் கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கிறபோதும் வாயைத் திறப்பதில்லை. குற்றத்தை நம் தலையிலேயே போட்டுக் கொள்கிறோம். உங்கள் விஷயத்தில், சகோதரி, கூடம் கோணல்தான்.

எப்படி என்று சொல்கிறேன். புரட்டாசியில் தரை காய்ந்து கெட்டியாக இருந்தது. 8 மீட்டர் தூரத்தில் குட்டி இருந்தால் உங்கள் குண்டு 4 மீட்டரிலோ 5 மீட்டரிலோ விழுந்து, மீதித் தூரத்தை உருண்டே கடந்து விடும். பாதி வேலையை நீங்கள் செய்தீர்கள், மீதியைத் தரை செய்தது. இப்போது செம்மண்ணும் மணலும் தண்ணீர் குடித்து ஊறிக் கிடக்கின்றன. குண்டு விழுந்ததும் குழி பறித்துக் கொண்டு உட்கார்ந்து விடுகிறது. நீங்கள் அதே கையால், அதே இடத்தில்தான் போடுகிறீர்கள். தரைதான் தன் பங்கு வேலையைச் செய்ய மறுக்கிறது.

புதுச்சேரியில் வருஷ மழையில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களைச் சுற்றித்தான் கொட்டுகிறது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்து ஊரே மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தானே புயல் கரை கடந்ததோ டிசம்பர் 30-ல், 2011-ஆம் வருஷம். மார்கழி ஏறக்குறையப் பாதி ஆன நேரம். ஆகவே இது இரண்டு மூன்று மாதத்துச் சங்கதி. அதுவரை கையைத் திட்டிக் கொண்டே இருந்தால் கை நிஜமாகவே கெட்டு விடும். எப்படித் தெரியுமா? குண்டு போய்ச் சேரவில்லையே என்று பலத்தைக் கூட்டுவோம். பலம் கூடினால் தோள் இறுகும். தோள் இறுகினால் திசை தப்பும். திசை தப்பியதும் பிடியை மாற்றுவோம், நிற்கிற விதத்தை மாற்றுவோம். நாலு வாரத்தில் பழைய ஆட்டமும் மறந்து, புது ஆட்டமும் வராமல் நடுத்தெருவில் நிற்போம். வாரத்துக்கு வாரம் மோசமாகிறது என்று எழுதினீர்களே, இதுதான் காரணமாக இருக்கும்.

ஈரத் தரையில் ஆடும் விதம்

ஒன்று: ஆடத் தொடங்கும் முன் தரையைக் கேளுங்கள். ஒரு குண்டை இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டுப் பாருங்கள். துள்ளி உருண்டால் பழைய ஆட்டமே போதும். லேசாகத் தடம் பதிந்து நின்றால் இன்னும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளிப் போட வேண்டும். குழி விழுந்து புதைந்தால் உருளும் என்ற ஆசையையே விட்டு விட்டு, குட்டிக்குப் பக்கத்திலேயே இறக்க வேண்டும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துச் சூடு பார்க்கிற மாதிரிதான் இது. கல் தெரியாமல் மாவு ஊற்றுவோமா?

இரண்டு: குட்டியைப் பார்க்காதீர்கள், குண்டு விழ வேண்டிய இடத்தைப் பாருங்கள். அந்த இடத்துக்குப் பிரெஞ்சில் 'தொன்னே' என்று பெயர். நம் கோவில் பிரசாதத் தொன்னையை நினைத்துக் கொண்டால் மறக்காது. 'அந்தத் தொன்னைக்குள் போடுகிறேன்' என்று மனசுக்குள் சொல்லிக் கொண்டு எறியுங்கள். காய்ந்த தரையில் தொன்னை பாதி வழியில் இருக்கும். ஈரத் தரையில் அது குட்டிக்கு ஒரு முழம் முன்னால் இருக்கும். மாறுவது அவ்வளவுதான்.

மூன்று: தூரமாக எறிய வேண்டும் என்று வேகத்தைக் கூட்டாதீர்கள், உயரத்தைக் கூட்டுங்கள். உள்ளங்கை கீழே பார்த்தபடி பிடித்து, கையைத் தூளி ஆட்டுகிற மாதிரி பின்னால் கொண்டு போய் முன்னால் வீசுங்கள். வழக்கமாக விடுகிற இடத்தை விடக் கொஞ்சம் மேலே, முகத்துக்கு நேராகக் கை வரும்போது விரல்களைத் திறங்கள். குண்டு வளைந்து போய் மேலிருந்து இறங்கும். குண்டு தரையைத் தொடும் வரை இரண்டு பாதமும் வட்டத்துக்குள் ஊன்றியிருக்க வேண்டும் என்பது விதி. ஈரத்தில் இந்த விதிதான் உங்களைக் காப்பாற்றும் வேலி. காலைத் தூக்கினால் வழுக்கும்.

நான்கு: குட்டியை எறியும் முறை உங்கள் கட்சிக்கு வந்தால் பக்கத்திலேயே எறியுங்கள். 6 மீட்டரும் சட்டப்படி சரிதான். 'கிட்டே போட்டால் கேவலம்' என்று நினைக்காதீர்கள். சமையலில் வெந்தயம் கொஞ்சமாகப் போடுவது கஞ்சத்தனமா, என்ன? பக்குவம்!

ஐந்து: இரண்டு துணி வைத்துக் கொள்ளுங்கள். சேற்றைத் துடைக்க ஒன்று, கையைத் துடைக்க ஒன்று. எறிவதற்கு முன் குண்டில் ஒட்டிய சேற்றைத் துடைத்து விட வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் குட்டி மிதந்தால் அந்த இடம் ஆடுகளத்துக்கு வெளியே என்றுதான் கணக்கு. அதற்கும் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். பாருங்கள், மழையையும் சேற்றையும் யோசித்துத்தான் இந்த ஆட்டத்துக்கு விதியே எழுதியிருக்கிறார்கள். மழையில் ஆட்டம் எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்ததும் குண்டுகளைக் கழுவித் துடைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு தேய் தேய்த்து வையுங்கள். துருப்பிடிக்காத எஃகில் செய்த குண்டு என்றால் துடைத்தாலே போதும். மற்றதை ஈரப் பையிலேயே போட்டு வைத்தால் இரண்டே நாளில் துரு ஏறி விடும்.

இன்னொரு ரகசியம். மழைத் தரையில் ஒரு லாபமும் உண்டு. காய்ந்த தரையில் தப்பாக விழுந்த குண்டு கூட ஒரு கல்லில் பட்டுத் திரும்பி நல்ல இடத்துக்குப் போய்விடும். ஈரத் தரையில் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. போட்ட இடத்தில்தான் நிற்கும். உங்கள் கை எங்கே போட்டது என்று தரை ஒளிக்காமல் சொல்லி விடும். குண்டு இறக்கும் பக்குவத்தைக் கற்க இதை விட நல்ல வாத்தியார் கிடையாது.

உடம்பையும் கவனியுங்கள்

கைக்குழந்தைக்காரிகள் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். கட்டை விரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடிக் கொள்ளுங்கள். அந்த முஷ்டியை மெதுவாகச் சுண்டு விரல் பக்கம் சாயுங்கள். கட்டை விரல் பக்கத்து மணிக்கட்டில் சுரீர் என்று வலி பாய்ந்தால், அங்கே தசைநார் உறையில் வீக்கம் இருக்கலாம். குழந்தையை அக்குளில் கை கொடுத்து அடிக்கடி தூக்குகிற தாய்மார்களுக்கு இது சகஜம். இந்த வலியோடு குண்டு எறிவது புண்ணில் உப்புத் தடவுகிற மாதிரி. சில வாரம் ஆட்டத்தை நிறுத்தி, டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தையைத் தூக்கும்போது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, முன்னங்கையில் ஏந்தித் தூக்கப் பழகுங்கள்.

ஒரு குண்டின் எடை 650 முதல் 800 கிராம் வரை. 700 கிராம் குண்டை ஒரு ஆட்டத்தில் 30 தடவை எறிந்தால் மொத்தம் 21 கிலோ. ஒரு சின்ன அரிசி மூட்டை! மழை நாளில் விறைத்துக் கிடக்கிற தோளோடு நேராகப் போய் எறியாதீர்கள். ஐந்து நிமிடம் வேகமாக நடந்து, கைகளைப் பத்துப் பத்துத் தடவை சுழற்றி, குண்டில்லாமல் ஐந்தாறு முறை வீசிப் பார்த்து விட்டுத் தொடங்குங்கள்.

குனிந்து குனிந்து குண்டு பொறுக்குவது முதுகுக்கு ஆகாது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுங்கள். பெரியவர்கள் கயிற்றில் காந்தம் கட்டி நின்றபடியே எடுப்பார்கள். பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்களும் அப்படிச் செய்யலாம், வெட்கமே வேண்டாம். சிசேரியன் ஆனவர்கள் டாக்டர் 'சரி' என்று சொன்ன பிறகே குண்டைத் தொட வேண்டும்.

தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். சேற்றுப்புண் ஒரு பக்கம், எலிக்காய்ச்சல் பயம் ஒரு பக்கம். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் கட்டாயம் வேண்டாம். பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை நன்றாகத் துடையுங்கள். புடைவை என்றால் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக் கொள்ளுங்கள். ஈரக் கொசுவம் காலைத் தட்டி விடும்.

இடி கேட்டால் ஆட்டம் அந்த நிமிஷமே முடிந்தது. மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய் விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது. 12-க்கு 12 என்று இருந்தாலும் சரிதான்!

அடைமழை நாளில் தாழ்வாரத்தில்

வெளியே கால் வைக்கவே முடியாத ஞாயிறுகள் வரும். அந்த நாளையும் சும்மா விட வேண்டாம். இரும்புக் குண்டை வீட்டுக்குள் எறிந்தால் தரை ஓடு உடையும், குழந்தை காலில் விழும். அதனால் வேறு வழி சொல்கிறேன். கிழிசல் இல்லாத பழைய காலுறை ஒன்றை எடுங்கள். காய்ந்த மணலைச் சமையல் தராசில் 700 கிராம் நிறுத்துப் போட்டு, இறுக்கி முடிச்சுப் போடுங்கள். இன்னொரு காலுறையை மேலே மாட்டினால் மணல் சிந்தாது. தாழ்வாரத்தில் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள். அதுதான் உங்கள் தொன்னை. நாலு எட்டுத் தள்ளி நின்று, குழந்தைகள் குறுக்கே வராத நேரமாகப் பார்த்து, 12 தடவை எறியுங்கள். எத்தனை தடவை சாக்கில் விழுந்தது என்று அன்றைய காலண்டர் தாளின் பின்னால் குறித்துக் கொள்ளுங்கள். மொத்தம் பத்து நிமிஷம். பருப்பு வேகிற நேரம்.

மணல் மூட்டையும் ஈரத் தரைக் குண்டு மாதிரியே விழுந்த இடத்தில் நிற்கும். அதனால் நீங்கள் தாழ்வாரத்தில் பழகுவது அப்படியே வெளியே கை கொடுக்கும்.

வெளியே ஆடும்போதும் மழைக்காலம் முடிகிற வரை 13 புள்ளிக் கணக்கைப் பெரிதுபடுத்தாதீர்கள். 'இன்றைக்கு எறிந்த 30-ல் எத்தனை தொன்னையில் விழுந்தது?' என்பதே உங்கள் கணக்கு. முதல் வாரம் 6 என்றால் அடுத்த வாரம் 8 ஆனால் போதும். ஜோடிக்காரர் தோற்பது பற்றிக் கவலையா? பெரிய மாமாவிடம் நேராகவே, "மாமா, இந்த ரெண்டு மாசம் நான் ஒசத்திப் போடப் பழகறேன், புள்ளி பாக்காதீங்க" என்று சொல்லி விடுங்கள். அவர் எத்தனை மழையைப் பார்த்தவர்! சந்தோஷப்படுவார்.

முக்கியமாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இந்த மாதம் உயரம் மட்டும். பிடி, நிற்கிற விதம், குண்டின் எடை எதையும் தொடாதீர்கள். குழம்பு ருசிக்கவில்லை என்று ஒரே சமயத்தில் உப்பு, புளி, காரம் மூன்றையும் கூட்டினால், எது சரி செய்தது, எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்?

அந்த ஒரு மணி நேரம்

கடிதத்தில் என் மனசைத் தொட்டது குண்டு அல்ல, 'நான் நானா இருப்பேன்' என்ற ஒரு வரி. மழை வந்தால் வீட்டில் எத்தனையோ வேலை கூடுகிறது. துணி காயாது, குழந்தைக்குச் சளி, பள்ளிக்கூடம் லீவு. அப்போது முதலில் வெட்டுப்படுவது எது? பால்காரர் நேரம் வெட்டுப்படாது, வீட்டுக்காரரின் ஆபீஸ் நேரம் வெட்டுப்படாது. அம்மாவின் அந்த ஒரு மணி நேரம்தான் சத்தமில்லாமல் போகும். 'ஆட்டம் சரியில்லை' என்ற காரணம் கிடைத்தால் நாமே அதை விட்டுக் கொடுத்து விடுவோம். தை மாதம் வெயில் வந்த பிறகு குண்டு பரணிலேயே இருக்கும். அந்த மணி நேரத்தில் வேறு ஏதாவது வேலை வந்து உட்கார்ந்திருக்கும், எழுந்திருக்காது.

ஆகவே ஆட்டத்தைச் சுருக்குங்கள், நேரத்தைச் சுருக்காதீர்கள். ஞாயிறு 5 மணி என்றால் 5 மணிதான். தரை காய்ந்திருந்தால் ஆட்டம். ஈரமாக இருந்தால் பத்துப் பதினைந்து குண்டு உயரத்தில் எறிந்து பழகுங்கள். தூறல் விட்டிருந்தால் கடற்கரைச் சாலையில் ஒரு நடை. அங்கே சாயங்காலம் 6 மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. அடைமழையா, தாழ்வாரமும் சாக்கும். அத்தையிடம் சண்டை வேண்டாம். "மழையிலே நனையப் போறதில்லே அத்தை, அஞ்சு மணிக்குப் போய் ஆறு மணிக்கு வந்துடுவேன், அதுவரைக்கும் சின்னவனைப் பாத்துக்கோங்க" என்று நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். எப்போது வருவாள் என்று தெரிந்தால் பெரியவர்களுக்கும் நிம்மதி. சொன்ன நேரத்துக்கு வந்து விடுங்கள், அடுத்த ஞாயிறு கேட்கவே வேண்டியிருக்காது.

ஒரு எச்சரிக்கை. ஆட்டத்தில் மட்டும் சோர்வு என்றால் மேலே சொன்னது போதும். ஆட்டத்தில் மட்டுமல்லாமல் சாப்பாட்டில், தூக்கத்தில், குழந்தையைக் கொஞ்சுவதில் கூட மனசு ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், மாடி ஏறினால் மூச்சு வாங்கினால், கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்தால், அதைத் தரையின் மேல் போடாதீர்கள். ரத்த சோகை, தைராய்டு, பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

தை பிறந்ததும்

கடைசியாக ஒன்று, இதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது. பொங்கலுக்குப் பிறகு தரை காயும். அன்றைக்கு நீங்கள் எறிகிற குண்டு குட்டியைத் தாண்டி ஓடிப் போய் எங்கேயோ நிற்கும். 'ஐயையோ, மறுபடியும் கை போச்சு!' என்று நினைத்து விடாதீர்கள். தரை தன் பங்கு வேலையைத் திரும்பச் செய்யத் தொடங்கி விட்டது, அவ்வளவுதான். தொன்னையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுங்கள். இரண்டு ஞாயிற்றில் பிடிபட்டு விடும். இந்த முறை உங்களிடம் இரண்டு ஆட்டம் இருக்கும்: உருட்டுகிற ஆட்டம் ஒன்று, இறக்குகிற ஆட்டம் ஒன்று. மழையில் நிறுத்தி விட்டுத் தையில் வருகிறவர்களிடம் பழையது ஒன்றுதான் இருக்கும்.

பெத்தாங்க் ஆடாத சகோதரிகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதினேன். ஈரத்தில் வளையப் பந்து கையில் வழுக்கும், இறகுப் பந்து காற்றில் அலையும், நடை பாதி வழியில் நிற்கும். முதலில் தரையையும் வானத்தையும் பாருங்கள், பிறகு உங்களைக் குறை சொல்லிக் கொள்ளலாம். தூரத்தைக் குறையுங்கள், புள்ளியை மறவுங்கள், கிழமையையும் மணியையும் மட்டும் விடாதீர்கள்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் காயாத துணியும் குழந்தைகளின் தோல் அரிப்பும் பற்றிப் பார்ப்போம். அதுவரை கால் விரல் இடுக்கைத் துடைக்க மறக்காதீர்கள்!